வெள்ளிக்கிழமைக் கணக்கை மூடியவர்

ஐம்பது கோடி ரூபாய். மத்திய அரசு ரிசர்வ் வங்கியில் வைத்திருக்கும் கணக்கில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இந்தத் தொகையாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது 1955இல் செய்துகொண்ட ஏற்பாடு. மற்ற நாட்களில் நான்கு கோடி இருந்தால் போதும். குறைந்தால்? கவலையே இல்லை. அரசு 91 நாள் தவணையுள்ள ‘அட்-ஹாக்’ கருவூல உண்டியலை (தேவைப்பட்டபோது எழுதும் குறுகிய காலக் கடன் பத்திரம்) எழுதி ரிசர்வ் வங்கியிடம் நீட்டும். வங்கி அதை வாங்கி வைத்துக்கொண்டு, அரசின் கணக்கில் அதற்குரிய பணத்தை வரவு வைத்துவிடும். யாரும் விலை பேச மாட்டார்கள். வட்டி எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். 1974 ஜூலை முதல் அது 4.6 சதவீதம் என்று ஆணியடித்து வைக்கப்பட்டிருந்தது. 91 நாள் முடிந்ததும் பழைய உண்டியலைக் கிழித்துவிட்டுப் புதிது எழுதுவார்கள்.

தொடங்கியபோது நோக்கம் நியாயமானதுதான். வரிப் பணம் ஒரு மாதத்தில் வரும், சம்பளமும் ஓய்வூதியமும் எல்லா மாதமும் போகும். இடையில் விழும் பள்ளத்தை நிரப்ப ஒரு கைமாற்று வேண்டும். ஆனால் திருப்பிக் கேட்காதவரிடம் வாங்கும் கைமாற்று என்றைக்கு அடைபட்டிருக்கிறது? ஆண்டு முடிவில் நிலுவையில் நின்றதெல்லாம் புதிதாகப் பிறந்த பணம். பட்ஜெட்டில் துண்டு விழும் அளவை நிதியமைச்சகம் முடிவு செய்யும். நாட்டில் பணப்புழக்கம் எவ்வளவு பெருகும் என்பது அதன் பின்னாலேயே தானாக வந்து சேரும். பிறகு விலைவாசி ஏறும்போது ரிசர்வ் வங்கியைப் பார்த்து ‘என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?’ என்று கேட்பார்கள்.

இன்று பணக்கொள்கை என்றால் நம் மனதில் தோன்றுவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொலைக்காட்சியில் வரும் அறிவிப்பு. ஆறு பேர் கொண்ட குழு, ரெப்போ விகிதம் (பத்திரத்தை ஈடாகப் பெற்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தரும் குறுகிய காலக் கடனின் வட்டி), கால் சதவீதம் ஏற்றமா இறக்கமா, வீட்டுக் கடன் தவணை குறையுமா. அந்தக் கால் சதவீதத்துக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதென்றால், அதற்குக் காரணம் கேமராக்கள் இல்லாத ஒரு காலத்தில் ஒரு மத்திய வங்கியாளர் மெதுவாக, பிடிவாதமாகச் செய்து முடித்த வேலை என்பது என் எண்ணம். அவர் பெயர் சி. ரங்கராஜன். ரிசர்வ் வங்கியின் ஆளுநராக 1992 டிசம்பர் முதல் 1997 நவம்பர் வரை இருந்தார். அதற்கு முன் 1982 முதல் 1991 வரை துணை ஆளுநர்.

தமிழில், பின்னாளில் ஆளுநரான ரகுராம் ராஜனைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அதில் எனக்கு வருத்தமில்லை. மேடையில் அழகாகப் பேசுகிறவரைப் பற்றி எழுதுவது எளிது. அரியலூரில் பிறந்து, திருச்சி தேசியக் கல்லூரியிலும் சென்னை லயோலாவிலும் படித்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ரங்கராஜனிடம் அந்த மாதிரி மேற்கோள் காட்டும்படியான வாக்கியங்கள் அதிகம் கிடைப்பதில்லை. அவருடைய உரைகள் வகுப்பறைக் குறிப்புகளைப் போல இருக்கும். முதல் பத்தியில் வரையறை, இரண்டாவதில் வரலாறு, மூன்றாவதில் ‘ஆயினும்’. அந்த ‘ஆயினும்’ வருகிற இடத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும்.

ரங்கராஜன் ரிசர்வ் வங்கியில் இருந்த ஆண்டுகளில் நான் மும்பையில் ஒரு வங்கியின் முதலீட்டுப் பிரிவில் இளநிலை அலுவலராக இருந்தேன். முதலீடு என்ற பெயர்தான் பெரிது. எங்களுக்கு எதில் முதலீடு செய்வது என்று யோசிக்கும் சுமை இருந்ததே இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் ‘ரிப்போர்ட்டிங்’ வெள்ளிக்கிழமையில் வங்கியின் வைப்புத்தொகை எவ்வளவு என்று கூட்டிப் பார்த்து, அதில் எஸ்.எல்.ஆர். என்ற கட்டாய விகிதப்படி அரசுப் பத்திரம் இருக்கிறதா, சி.ஆர்.ஆர். என்ற இன்னொரு கட்டாய விகிதப்படி ரிசர்வ் வங்கியில் ரொக்கம் இருக்கிறதா என்று சரிபார்ப்பது வேலை. 1990களின் தொடக்கத்தில் எஸ்.எல்.ஆர். 38.5 சதவீதம், சி.ஆர்.ஆர். 15 சதவீதம். நூறு ரூபாயை ஒருவர் வைப்பாகப் போட்டால், கடன் கொடுப்பதைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே 53.50 ரூபாய் போய்விட்டது. 1991 மே மாதத்தில் புதிதாக வரும் வைப்புகளுக்கு மேலும் 10 சதவீதம் ரொக்கம் வைக்கச் சொன்னார்கள். அப்போது கூடுதலாக வந்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 63.50 அரசுக்கும் ரிசர்வ் வங்கிக்கும்.

வாங்கிய பத்திரங்கள் பேரேட்டில் தூங்கும். எஸ்.ஜி.எல். என்ற, ரிசர்வ் வங்கியில் உள்ள பத்திரக் கணக்கில் ஒரு வரி, கூப்பன் (பத்திரத்தின் வட்டி) வரும் தேதியில் இன்னொரு வரி, அவ்வளவுதான். சந்தை விலை என்ன என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை, ஏனென்றால் சந்தையே இல்லை. வாங்குகிறவர் எல்லோரும் வாங்கியே ஆக வேண்டியவர்கள். வட்டியை நிர்ணயிப்பவரோ கடன் வாங்குகிறவரே. பிரிவின் மேலாளர் ஒருவர் இருந்தார், ஓய்வு பெறும் வயது. ‘இதற்குப் பெயர் கடன் இல்லை தம்பி, கப்பம்’ என்பார். பொருளாதாரப் பேராசிரியர்கள் நிதி ஒடுக்கம் என்று நீட்டி எழுதுவதை அவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

கப்பம் கட்டியது வங்கி என்று நினைத்தால் தவறு. அரசு குறைந்த வட்டிக்கு வாங்கியதை ஈடுகட்ட, வைப்புதாரருக்குக் குறைவாகவும் தொழில் நடத்துகிறவருக்கு அதிகமாகவும் வட்டி வைக்க வேண்டியிருந்தது. எந்தத் துறைக்கு எந்த அளவு கடனுக்கு எவ்வளவு வட்டி என்று ரிசர்வ் வங்கியே பட்டியல் போட்டுக் கொடுத்தது. அந்தப் பட்டியல் மாறும்போதெல்லாம் கிளைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்புவதே ஒரு தனித் தொழிலாக நடந்தது.

இந்த அமைப்புக்குள் இருந்துகொண்டே இதைக் கழற்ற வேண்டும் என்று நினைத்தவர் ரங்கராஜன். அந்த எண்ணம் 1991 நெருக்கடியில் திடீரென்று முளைத்தது இல்லை. மன்மோகன் சிங் ஆளுநராக இருந்தபோது சுகமய் சக்கரவர்த்தி தலைமையில் அமைத்த குழு 1985இல் அறிக்கை கொடுத்தது. பணப்புழக்கத்துக்கு இலக்கு வைக்க வேண்டும், அரசின் கடனுக்கு நியாயமான வட்டி தர வேண்டும், விலை உயர்வு ஆண்டுக்குச் சராசரியாக 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அதில் இருந்தது. 2016இல் சட்டமாக வந்த பணவீக்க இலக்கும் அதே 4 சதவீதம்தான். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எண் தெரிந்திருந்தது. எண்ணை அடைய வழி இல்லாமல் இருந்தது.

1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பை இரண்டு படியாகக் குறைத்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். முதல் படி ஜூலை 1, இரண்டாவது ஜூலை 3. அரசியல் எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டாவது படியை நிறுத்தச் சொல்லி நிதியமைச்சர் மன்மோகன் சிங் தொலைபேசியில் அழைத்தார். துணை ஆளுநர் ரங்கராஜன் அதற்குள் அறிவிப்பை வெளியிட்டு முடித்திருந்தார். சுவையான கதை. ஆனாலும் அவருடைய பெரிய சாதனையாக இதைச் சொல்கிறவர்களோடு நான் உடன்படுவதில்லை. அந்நியச் செலாவணி நூறு கோடி டாலர் அளவுக்குக் கரைந்து நின்ற நாட்டில், யார் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். கட்டாயம் இல்லாத நேரத்தில் செய்தவைதான் ஒருவருடைய நம்பிக்கையைக் காட்டும்.

1993 செப்டம்பர். நெருக்கடி தணிந்துவிட்டது, டாலர் வரத் தொடங்கிவிட்டது, யாருக்கும் அவசரம் இல்லை. அப்போது கல்கத்தாவில் எம்.ஜி. குட்டி நினைவுச் சொற்பொழிவில் ஆளுநர் மத்திய வங்கிகளின் தன்னாட்சி பற்றிப் பேசினார். வேறு யாராவது பேசியிருந்தால், ஆளுநரைப் பதவிநீக்கும் அதிகாரம் யாருக்கு, சட்டத்தின் எந்தப் பிரிவு அரசுக்கு உத்தரவிடும் உரிமை தருகிறது என்று சட்டப் புத்தகத்துக்குள் போயிருப்பார்கள். ரங்கராஜனின் வாதம் கணக்குப் புத்தகத்தில் நின்றது. அரசின் பற்றாக்குறை தானாகவே பணமாக மாறிக்கொண்டிருக்கும் வரை, சட்டத்தில் எவ்வளவு சுதந்திரம் எழுதிக் கொடுத்தாலும் பயன் இல்லை. அந்தத் தானியங்கி நின்றால், சட்டம் மாறாவிட்டாலும் சுதந்திரத்தில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். மத்திய வங்கியின் தன்னாட்சி பற்றி நான் படித்தவற்றில் இவ்வளவு நடைமுறைக்கு ஒத்த வாதம் வேறு இல்லை. தன்னாட்சியை மரியாதை சார்ந்த விஷயமாகப் பேசுகிறவர்கள் தோற்றுப்போவதையும், அதைக் காசோலையின் விஷயமாகப் பார்த்தவர் வென்றதையும் பார்த்தாகிவிட்டது.

சரியாக ஓராண்டு. 1994 செப்டம்பர் 9 அன்று ரிசர்வ் வங்கியும் நிதியமைச்சகமும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1994-95இல் அட்-ஹாக் உண்டியல்களின் நிகர வெளியீடு ஆண்டு முடிவில் 6,000 கோடி ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆண்டுக்குள் 9,000 கோடியைத் தொடர்ந்து பத்து வேலை நாட்களுக்கு மேல் தாண்டி நின்றால், ரிசர்வ் வங்கி தானாகவே கருவூல உண்டியல்களைச் சந்தையில் விற்று அதைக் குறைத்துவிடும். மூன்று ஆண்டுகளில் அட்-ஹாக் முறையே முடிந்துவிட வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் இருக்கும் தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். ‘இனிமேல் கடன் தர மாட்டேன்’ என்று அரசிடம் எந்த மத்திய வங்கியும் சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த வாரம் வேறு ஆளுநர் வந்துவிடுவார். ரங்கராஜன் மறுக்கவில்லை. ‘தருகிறேன், எல்லை இது, மீறினால் சந்தையில் விற்பேன்’ என்றார். சந்தையில் விற்றால் வட்டி ஏறும். ஏறிய வட்டியைக் கட்ட வேண்டியவர் நிதியமைச்சர். கண்டிப்பு ஆளுநர் வாயிலிருந்து வராமல் விலையிலிருந்து வரும்படி செய்தார். வரம்பு எல்லா நாளும் மதிக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் மீறல் என்று ஒன்று இருக்கிறது என்பதே புதிய செய்தி. அதற்கு முன் மீறுவதற்கு எல்லையே இல்லை.

இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் விற்பதற்கு ஒரு சந்தை வேண்டுமே! அங்கேதான் அவருடைய சிந்தனையின் மறுபாதி இருக்கிறது. பணக்கொள்கையும் நிதிச் சந்தையும் இரண்டு இலாகாக்கள் என்று அவர் கருதவில்லை. மறைமுகக் கருவிகளால் வட்டியை அசைக்க வேண்டுமானால், வட்டி அசையக்கூடிய இடம் ஒன்று முதலில் இருக்க வேண்டும். 364 நாள் கருவூல உண்டியல் 1992 ஏப்ரலில் ஏலத்துக்கு வந்தது. அரசுப் பத்திரங்களுக்கான ஏலம் அதே ஆண்டு ஜூனில் தொடங்கிவிட்டது. 91 நாள் உண்டியலின் ஏலம் 1993 ஜனவரியில், அவர் ஆளுநராகி ஒரு மாதம் ஆவதற்குள். பிறகு பத்திரமும் பணமும் ஒரே நேரத்தில் கைமாறும் முறை, அரசுப் பத்திரங்களை ஏலத்தில் வாங்கி விற்கும் நிறுவனங்களான பிரைமரி டீலர்கள், தேசியப் பங்குச் சந்தையில் கடன் பத்திரங்களுக்குத் தனிப் பிரிவு.

நடுவில் 1992இன் பத்திர ஊழல். அதில் சிக்கிய தரகர் ஹர்ஷத் மேத்தாவைப் பங்குச் சந்தையோடுதான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஓட்டை இருந்த இடம் அரசுப் பத்திரச் சந்தை. பத்திரம் கைக்கு வராமல், ‘பி.ஆர்.’ என்ற ரசீதுத் தாளை வைத்துக்கொண்டு வங்கிகள் ஒன்றுக்கொன்று பணம் கொடுத்துக்கொண்டிருந்தன. சில ரசீதுகளின் பின்னால் பத்திரமே இல்லை. ஒளிவுமறைவாக நடந்த வியாபாரத்தில் வேறென்ன நடக்கும்? ஊழல் வெடித்தபோது, சந்தைச் சீர்திருத்தமே வேண்டாம் என்று கதவைச் சாத்தியிருக்கலாம். அந்த நேரத்தில் அது கைதட்டலும் வாங்கியிருக்கும். சந்தை இருந்ததால் ஊழல் வந்தது என்பவர்களுக்கும், முறையான சந்தை இல்லாததால் வந்தது என்பவர்களுக்கும் இடையே நடந்த வாதத்தில், புதிய ஆளுநர் இரண்டாவது பக்கம் நின்றார்.

ஏலம் என்றதும் என்ன நடந்தது? வட்டி ஏறியது. 1995-96இல் பத்தாண்டுப் பத்திரத்துக்கு அரசு 14 சதவீதம் கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் பிரிவில் ஒரே கலக்கம். பேரேட்டில் தூங்கிக்கொண்டிருந்த பழைய பத்திரங்கள் 11.5 சதவீதமும் அதற்குக் குறைவாகவும் கூப்பன் தருபவை. புதிய பத்திரம் 14 தரும்போது பழையதற்கு யார் முழு விலை கொடுப்பார்? அத்தோடு, கையிருப்பில் ஒரு பகுதியைச் சந்தை விலைக்கு மதிப்பிட்டு நட்டத்தைக் கணக்கில் காட்ட வேண்டும் என்ற விதி வேறு. ‘நாம் விற்கவா போகிறோம், விலை எதற்கு?’ என்று கூட்டங்களில் மூத்தவர்கள் கேட்டார்கள். கேள்வி அப்பாவித்தனமாகத் தோன்றினாலும், நாற்பது ஆண்டுப் பழக்கம் அதற்குள் இருந்தது.

நிதியமைச்சகத்தின் பக்கமிருந்து பார்த்தால் இது இன்னும் கசப்பு. 4.6 சதவீதத்துக்குக் கிடைத்துக்கொண்டிருந்த பணத்துக்கு 14 சதவீதம். வட்டிச் செலவு வீங்கியது, அதனாலேயே பற்றாக்குறையும் வீங்கியது. இது ரங்கராஜனின் கொள்கைக்கு எதிராக வைக்கப்பட்ட வலுவான வாதம், அதை ஒதுக்கிவிட முடியாது. கடன் மலையைச் சேர்த்துவிட்டுப் பிறகு வட்டியைச் சந்தையிடம் ஒப்படைத்தால், முதல் பத்தாண்டு வலிக்கத்தான் செய்யும். ஆனால் முன்பும் அந்தச் செலவை யாரோ கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். 1991 ஆகஸ்டில் மொத்த விலைப் பணவீக்கம் 17 சதவீதத்தை ஒட்டிப் போனபோது, சேமிப்புப் புத்தகம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதைக் கட்டினார்கள். பட்ஜெட்டில் வராத வரி அது. 14 சதவீத வட்டியாவது பட்ஜெட்டில் ஒரு வரியாக அச்சாகியது, எதிர்க்கட்சிக்காரர் கேள்வி கேட்க முடிந்தது.

அவருடைய ஆட்சிக்காலத்தில் எனக்கு மிகவும் கற்பித்தது 1993 முதல் 1996 வரையிலான மூன்று ஆண்டுகள். வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்குக் கதவு திறந்ததும் டாலர் கொட்டியது. 1993 மார்ச்சில் தங்கத்தையும் சேர்த்து 980 கோடி டாலராக இருந்த கையிருப்பு, இரண்டே ஆண்டில் 2,500 கோடி டாலரைத் தாண்டியது. ரூபாயை ஏற விட்டால் ஏற்றுமதி நசுங்கும். அதனால் ரிசர்வ் வங்கி டாலரை வாங்கியது. டாலர் 31 ரூபாய் 37 காசில் அசையாமல் நின்றது. வாங்கிய ஒவ்வொரு டாலருக்கும் ரூபாய் வெளியே போனது. அரசுக்காக அச்சிடுவதைக் குறைக்கப் பாடுபட்டவர், டாலருக்காக அச்சிட வேண்டியதாயிற்று. 1994-95இல் பணப்புழக்கம் 22 சதவீதம் பெருகியது, பணவீக்கம் மீண்டும் இரட்டை இலக்கம். குறைத்துக்கொண்டு வந்த சி.ஆர்.ஆர்.ஐ மறுபடியும் 15 சதவீதத்துக்கு ஏற்றினார்கள்.

பிறகு காற்று திசை மாறியது. 1995 இலையுதிர்ப் பருவத்தில் ரூபாய் சரியத் தொடங்க, ரிசர்வ் வங்கி டாலரை விற்றது. விற்றால் ரூபாய் உள்ளே வந்துவிடும். வங்கிகளிடம் ரொக்கம் வறண்டு, வங்கிகள் ஒன்றுக்கொன்று ஒருநாள் கடன் கொடுக்கும் ‘கால் மனி’ (call money) சந்தையில் வட்டி கண்டபடி எகிறியது. தொழில் துறையினர் கடன் கிடைக்கவில்லை என்று அலறினார்கள். 1996-97இல் தொழில் வளர்ச்சி மந்தமானபோது, ஆளுநரின் இறுக்கமே காரணம் என்று எழுதாத பொருளாதாரப் பத்திரிகை இல்லை. மறுபுறம், 1996 தொடக்கத்தில் பணவீக்கம் 5 சதவீதத்தை ஒட்டி இறங்கியிருந்தது.

குற்றச்சாட்டில் பாதி உண்மை என்பேன். இறுக்கம் தேவைப்பட்டது, ஆனால் இறுக்கிய கருவி கரடுமுரடானது. சி.ஆர்.ஆர். என்பது எல்லா வங்கிகளையும் ஒரே அடியில் அடிக்கும் தடி. ஒருநாள் வட்டியை நூல் பிடித்து நகர்த்தும் ஏற்பாடு அப்போது இல்லை. தினசரி ரெப்போ ஜன்னல் முழு வடிவில் 2000இல்தான் வந்தது. ரிசர்வ் வங்கியின் பழைய அடிப்படைக் கடன் வட்டியான பேங்க் ரேட் 1991 அக்டோபரிலிருந்து 12 சதவீதத்தில் அசையாமல் கிடந்தது. அதை மாற்றினாலும் எந்த வட்டியும் அசையாது என்பதால் யாரும் மாற்றவும் இல்லை. 1997 ஏப்ரலில் அதைத் தூசு தட்டி எடுத்து மற்ற வட்டிகளோடு இணைத்து 11 ஆக்கினார்கள், ஜூனில் 10, அக்டோபரில் 9. அந்த முறை வங்கிகள் அசைந்தன. இன்றைய ரெப்போ அறிவிப்பின் முன்னோடி இதுதான்.

அதே 1997 ஏப்ரல் 1 அன்று அட்-ஹாக் உண்டியல்கள் முடிவுக்கு வந்தன. ப. சிதம்பரம் தன் பட்ஜெட் உரையில் அதை அறிவித்தார். நிதியமைச்சரும் ஆளுநரும் தமிழர்கள் என்று அன்று எந்தத் தமிழ்ப் பத்திரிகையாவது பெருமையாக எழுதியதா என்று எனக்கு நினைவில்லை. அந்த பட்ஜெட்டின் வரிக் குறைப்புகள் எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டன. தேங்கிக் கிடந்த உண்டியல்கள் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியிருந்தன. அவற்றை 4.6 சதவீத வட்டியில், முதிர்வுத் தேதியே இல்லாத சிறப்புப் பத்திரங்களாக மாற்றிப் பெட்டிக்குள் வைத்தார்கள். இனி அரசுக்குக் குறுகிய காலக் கைமாற்று மட்டும், அதற்கும் உச்ச வரம்பு: முதல் ஆண்டில் முதல் பாதிக்கு 12,000 கோடி, இரண்டாம் பாதிக்கு 8,000 கோடி.

பேச்சைக் குறைவாகப் பயன்படுத்திய ஆளுநர் என்று சொன்னேன். சந்தை உருவான பிறகு பேச்சும் ஒரு கருவியாகிவிடுகிறது என்பது அவர் காலத்தின் கடைசி மாதங்களில் தெரிந்தது. 1997 ஆகஸ்டில் கோவாவில் அந்நியச் செலாவணி டீலர்களின் மாநாடு. துணை ஆளுநர் ஒய்.வி. ரெட்டி பேசினார். பணவீக்க வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்தால் ரூபாயின் உண்மை மதிப்பு ஏறியிருக்கிறது என்பது அந்த உரையில் ஒரு பகுதி. சொன்ன விதம் ஆய்வுக் கட்டுரை போலத்தான். கேட்டவர்களோ டீலர்கள், ரூபாய் இறங்குவதை ரிசர்வ் வங்கி விரும்புகிறது என்று எடுத்துக்கொண்டு விற்கத் தொடங்கினார்கள். 36 ரூபாய்க்குக் கீழே இருந்த டாலர் ஆண்டு முடிவில் 39ஐ ஒட்டி நின்றது. அதற்குள் தாய்லாந்தில் தொடங்கிய நெருக்கடி ஆசியா முழுவதும் பரவிவிட்டதால், எவ்வளவு பேச்சால் எவ்வளவு புயலால் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

சந்தையை நம்பியவர் என்பதால் எல்லாக் கதவையும் திறக்கச் சொன்னவர் என்று நினைத்துவிடக் கூடாது. 1993இல் அவர் தலைமையிலான, நாட்டின் வெளிநாட்டு வரவுசெலவு நிலை (பேலன்ஸ் ஆஃப் பேமென்ட்ஸ்) பற்றிய குழு, குறுகிய காலக் கடனைக் கண்டு அஞ்ச வேண்டும், கடனாக வராத முதலீட்டை விரும்ப வேண்டும் என்றது. 1994 ஆகஸ்டில் நடப்புக் கணக்கில், அதாவது வணிகம், பயணம் போன்றவற்றுக்கு, ரூபாயைத் தடையின்றி அந்நியச் செலாவணியாக மாற்றலாம் என்றானது. மூலதனக் கணக்கில், அதாவது முதலீட்டுக்கும் கடனுக்கும், அப்படிச் செய்ய தாராபூர் குழு 1997 மே மாதத்தில் வழி வகுத்துக் கொடுத்தும், அதற்கு விதித்த முன்நிபந்தனைகள் நிறைவேறும் முன்பே பாங்காக் கவிழ்ந்துவிட்டது. குறுகிய காலக் கடன் குறைவாக இருந்ததால் இந்தியா தப்பியது. உள்நாட்டில் விலை பேசக் கற்றுக்கொள், பிறகு வெளியே கதவைத் திற என்ற வரிசைமுறை அவருடைய கொள்கையின் முதுகெலும்பு. அதைப் பின்பற்றாத நாடுகளுக்கு என்ன ஆயிற்று என்பதை அதே ஆண்டு காட்டியது.

அதற்குப் பிறகான காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 2003இன் நிதிப் பொறுப்புச் சட்டத்தால் 2006 ஏப்ரல் முதல் அரசின் பத்திர வெளியீட்டில் ரிசர்வ் வங்கி நேரடியாகக் கலந்துகொள்ளவே முடியாது, அசாதாரண நிலைமைகளைத் தவிர. 2016இல் பணவீக்க இலக்கு சட்டமானது. முன்வாசலில் பூட்டு நன்றாகவே தொங்குகிறது.

பக்கத்து ஜன்னல்தான் என்னை உறுத்துகிறது. கொரோனா காலத்தில் அரசின் கடன் பெருகியபோது, வட்டி வளைகோட்டின் (வெவ்வேறு தவணைப் பத்திரங்களின் வட்டியைக் காட்டும் கோடு) சீரான போக்கு ஒரு பொதுச் சொத்து என்று ஆளுநர் சக்திகாந்த தாஸ் 2020 அக்டோபரில் சொன்னார். 2021இல் ஜி-சாப் என்ற பெயரில், முதல் காலாண்டுக்கு ஒரு லட்சம் கோடி, அடுத்ததற்கு 1.2 லட்சம் கோடி என்று முன்கூட்டியே அறிவித்து இரண்டாம் நிலைச் சந்தையில் (ஏற்கெனவே வெளியான பத்திரங்கள் கைமாறும் இடம்) பத்திரம் வாங்கினார்கள். பத்தாண்டுப் பத்திரத்தின் வட்டி 6 சதவீதத்துக்கு மேல் நகர முயன்றபோது, ஏலத்தில் டீலர்கள் கேட்ட விலையை ஏற்காமல் பத்திரத்தைப் பிரைமரி டீலர்கள் தலையில் கட்டினார்கள். தொற்றின் நடுவில் அது தேவைப்பட்டது என்று வாதாடலாம், நானும் 2020க்கு அந்த வாதத்தை ஏற்பேன். 2021 முழுவதுக்கும் ஏற்க மாட்டேன். ரங்கராஜன் காலத்தில் 14 சதவீதத்தைச் சகித்துக்கொண்டு ‘சந்தை சொல்லட்டும்’ என்ற நிறுவனம், 6.2ஐப் பார்த்து முகம் சுளித்தது.

அதன் தொடர்ச்சியாக இன்னொன்று. 2022இல் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் பணவீக்கம் உச்ச வரம்பான 6 சதவீதத்துக்கு மேல் நின்றது. ஏன் தவறினோம், எப்போது சரியாகும் என்று ரிசர்வ் வங்கி அரசுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பது சட்டம். நவம்பரில் பணக்கொள்கைக் குழு தனியாகக் கூடியது, கடிதம் போனது, ஆனால் வெளியிடப்படவில்லை. 1994 உடன்படிக்கையின் எண்களைச் சந்தையில் இருந்த எல்லோரும் அறிந்திருந்தோம். ஆறாயிரம் கோடி, ஒன்பதாயிரம் கோடி, பத்து வேலை நாள். ரிசர்வ் வங்கியின் வாராந்திரப் புள்ளிவிவர இணைப்பு வந்ததும், அரசுக்குக் கொடுத்த கடன் எந்த இடத்தில் நிற்கிறது என்று எங்கள் பிரிவில் இளையவர்கள் முதலில் புரட்டிப் பார்ப்போம். வரம்பை மீறினார்களா இல்லையா என்பது அந்த அட்டவணையில் தெரிந்துவிடும், யாருடைய தயவும் வேண்டியதில்லை. 2022 கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் உரிமை, பணவீக்கத்தைக் கட்டியவர்களுக்கு மட்டும் ஏன் இல்லாமல் போனது என்பதற்கு ஒப்புக்கொள்ளத்தக்க பதில் எதையும் நான் இன்னும் கேட்கவில்லை.